வடக்குக் கதவு

ரத்தம் மரத்துக்குள் இறங்கிவிட்டால் தண்ணீருக்கு மசியாது. எட்வின் மூன்று நாளாகத் தேய்த்துப் பார்த்துவிட்டான். சோப்பு, உப்பு, எலுமிச்சை எதற்கும் போகவில்லை. கதவின் உள்பக்கம், வெட்டு விழுந்த ஓட்டையைச் சுற்றி, ஒரு முறம் அகலத்துக்குக் கறுத்து அப்பியிருந்தது. புதன்கிழமை விடிந்ததும் தான் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்குப் போனான். துணி வெளுக்க வைத்திருக்கும் பெராக்சைடில் ஒரு பாட்டில் எடுத்து வந்தான். பஞ்சில் நனைத்துக் கதவில் வைத்ததும் கறை வெள்ளையாக நுரைத்துப் பொங்கியது.

தச்சு வேலைக்கு வந்திருந்த ஜபருல்லா, பையிலிருந்து உளிகளை எடுத்து அடுக்கிக்கொண்டே பார்த்தார்.

"என்ன தம்பி, பால் பொங்குத மாதிரி பொங்குது?"

"ரத்தம் இருந்தா பொங்கும் பாய்."

"அப்பம் இன்னும் இருக்கு."

"இருக்கு."

நடையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எட்வினின் மதினி அழகுத்தாய் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. வேலை நடக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்திருக்கிறாளா, அவனைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறாளா என்று தெரியவில்லை.

"நல்லாப் பொங்கட்டும்," என்றாள். "எம்புருசன் ரத்தம்லா. லேசுல போயிருமா?"

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏட்டு தனுஷ்கோடி கதவைப் பார்க்க வருகிறார். அதற்குள் இது கோடரி பட்ட கதவாக இருக்கக் கூடாது. இருந்தால் எட்வின் உள்ளே போவான். கொலை முயற்சி என்று எழுதுவார்கள். அவனுடைய மூன்று வயது மகள் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி வீட்டில் இருக்கிறாள். தாய் செத்து மூன்று மாதம்தான் ஆகிறது. தகப்பனும் இல்லை என்றால் அவளை யார் எங்கே கொண்டு போய் விடுவார்கள் என்று அவனுக்கே தெரியாது.

அது இரட்டைக் கதவு. தேக்கு நிலை, வேம்புக் கதவு, கிழக்கே பார்த்த வாசல். அப்பா போன பிறகு அண்ணன் ஞானதுரைக்கும் எட்வினுக்கும் வீட்டுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மூன்று வருடம் வழக்கு ஓடியது. கடைசியில் ராஜியானார்கள். ராஜிப் பத்திரத்தில் எல்லாவற்றையும் பிரித்து எழுதினார்கள். வடபக்கத்து அறைகள் மூத்தவருக்கு, தென்பக்கத்து அறைகள் இளையவருக்கு. நடுவில் ஓடுகிற நடை பொது. வாசல் நிலை பொது. வாசல் கதவில் வடக்குக் கதவு மூத்தவருக்கு, தெற்குக் கதவு இளையவருக்கு. ஒருவர் கதவை மற்றவர் கையாளக் கூடாது.

அந்தக் கடைசி வரியை எழுதச் சொன்னது எட்வின். வீட்டில் கல்லூரிக்குப் போனவன் அவன் ஒருவன்தான். பத்திரம் ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தான். வக்கீலே சிரித்தார்.

அதன் பிறகு ஞானதுரை வீட்டார் சந்துப் பக்கத்துக் கதவு வழியாகவே போனார்கள், வந்தார்கள். அழகுத்தாய் வடக்குக் கதவின் தாழ்ப்பாளைத் தரையில் இறக்கி அதில் ஒரு சின்னப் பூட்டையும் மாட்டினாள். மேல் தாழ்ப்பாள் இருந்த இடத்தைக் கரையான் தின்று அதை எப்போதோ கழற்றியாயிற்று. பாதி வாசல்தான் எட்வினுக்கு. இரண்டே கால் அடி. ஒரு ஆள் போக, ஒரு குடம் போக அது போதும்.

ஆவணி மாதம் டெங்குக் காய்ச்சலில் எட்வினின் மனைவி ஷெரின் மதுரையில் செத்துப்போனாள். காய்ச்சல் வந்து ஒன்பதாம் நாள். பெட்டியை வெளியே எடுக்கிறபோது பாதி வாசல் பத்தவில்லை. தூக்கியவர்கள் நின்றார்கள். யாரோ, "மத்தக் கதவையும் தொறங்கப்பா" என்றார்கள். தெருவில், எதிர்வீட்டுச் சுவர் ஓரம் கையைக் கட்டிக்கொண்டு ஞானதுரை நின்றார். எட்வின் அவரைப் பார்த்தான். அவரும் பார்த்தார். அவர் வரவில்லை. இவன் கூப்பிடவில்லை. "சரிச்சு எடுங்க" என்று எட்வின் சொன்னான். பீரோவைச் சரிக்கிற மாதிரிச் சரித்தார்கள். உள்ளே அவள் ஒரு பக்கமாகப் புரண்டு பலகையில் இடித்த சத்தம் கேட்டது. எல்லாருக்கும் கேட்டது.

போன ஞாயிறு அவளுக்கு மூன்றாம் மாத ஜெபக்கூட்டம் வைத்திருந்தான். வாடகைக்கு எடுத்த பெஞ்சுகள் காலையில் வந்தன. இறக்க வந்தவன் வாசலை அளந்து பார்த்துவிட்டு, "சார், இன்னொரு கதவையும் தொறந்து விடுங்க" என்றான். எட்வின் உள்ளே போனான். கொல்லையில் கிடந்த விறகுக் கோடரியோடு தெருவுக்கு வந்தான். அவன் குடிக்கிறவன் இல்லை. அன்றைக்கும் குடித்திருக்கவில்லை. முதல் வெட்டு சட்டத்தில் விழுந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் பலகையில். சத்தம் கேட்டு ஞானதுரை நடை வழியாக ஓடிவந்து, கதவு விழுந்துவிடாமல் தோளைக் கொடுத்து, கையை விரித்து அணைத்துக்கொண்டார். "ஏலே எட்வினு, வேண்டாம்லே" என்றார். அது இவனுக்குக் கேட்டது. ஐந்தாவது வெட்டில் பலகை பிளந்து கோடரி உள்ளே போனது.

வலது கையில் ஆட்காட்டி விரலும் நடு விரலும் போயின. மில்லில் அறுந்த நூலை ஒட்டுகிற வேலை அவருக்கு. இருபத்தி இரண்டு வருடமாக அந்த இரண்டு விரலாலும் கட்டை விரலாலும்தான் ஒட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அவரே சொன்னார். "கதவு இடுக்குல கை மாட்டிக்கிட்டு." டாக்டர் நம்பவில்லை. ஸ்டேஷனுக்குச் சொல்லி விட்டார். ஏட்டு வந்து கேட்டபோதும் அதையே சொன்னார். ஏட்டும் நம்பவில்லை. "புதன்கிழமை நீங்க வீட்டுக்கு வாரீங்கள்ல. அன்னைக்குக் கதவைப் பாத்துட்டு எழுதிக்கிடுதேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழகுத்தாய், நடையில் நின்று எட்வின் அறையைப் பார்த்து, அவன் பெயரைச் சொல்லாமல் பேசினாள். "நாளைக்கு ஏட்டு வருததுக்குள்ள கதவு பழைய மாதிரி நிக்கணும். அவிய பொய் சொல்லிட்டாவ. அந்தப் பொய் நிக்கணும்னா கதவு நிக்கணும். நிக்கல, நான் உண்மையச் சொல்லிருவேன்."

இதுதான் நடந்தது.

ஜபருல்லா கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "பூட்டைத் தொறந்து விட்டா கழட்டிக் கீழ போட்டுச் செய்யலாம். சாவி எங்க மதினி?"

"சாவி அவியகிட்ட. ஆஸ்பத்திரியில சட்டைப் பையில கெடக்கு."

"அப்ப நின்னபடியே பாத்துருவோம். பூட்டை ஒடச்சா அது வேற ஒரு காயமால்ல இருக்கும்."

காலையில் கம்பெனியிலிருந்து அப்படியே எட்வின் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் பழைய வேப்பம் பலகை ஒன்று எடுத்து வந்திருந்தான். புதுப் பலகை போட்டால் பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும் என்று ஜபருல்லா சொல்லியிருந்தார். அவர் பிளந்த பலகையைச் சட்டத்திலிருந்து உளி வைத்து நெம்பி எடுத்தார். அது இரண்டு துண்டாக வந்தது. உள்பக்கத்துத் துண்டில் ஏதோ ஒட்டியிருந்தது. எட்வின் குனிந்து பார்த்தான். நகம். முழு நகம்.

ஜபருல்லா அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எட்வின் அதைப் பிடுங்கி ஒரு பேண்டேஜ் துண்டில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கம்பெனியில் அவன் வேலையே பேண்டேஜ் துணியைத் தண்ணீரில் போட்டு எத்தனை நொடியில் முங்குகிறது என்று பார்ப்பதுதான். நல்ல துணி பத்து நொடிக்குள் முங்க வேண்டும். அவனுக்கு அப்போது அதுதான் நினைவு வந்தது.

"என்னலே எடுத்த?" என்றாள் அழகுத்தாய்.

"மரச் சிலாம்பு, மதினி."

"ஒங்கண்ணன் வெரலு மாதிரி இருந்துச்சே."

அவள் மறுபடியும் வெங்காயத்துக்குக் குனிந்தாள். கண்ணில் நீர் வடிந்தது. வெங்காயம்தான்.

ஓட்டைகளுக்கு ஜபருல்லா ஒரு வழி வைத்திருந்தார். கதவின் விளிம்பை இழைப்புளியால் லேசாக இழைத்து அந்தத் தூளையே பசையில் குழைத்து வெட்டுக்களில் திணித்தார்.

"கடையில விக்கிற பட்டியப் பூசினா நாளைக்கு வேற நெறமாத் தெரியும். அந்தந்தக் கதவுத் தூளத்தான் அந்தந்தக் கதவு ஏத்துக்கிடும். அமுக்குங்க தம்பி. பெருவிரலால அமுக்குங்க. புண்ணுக்கு மருந்து வைக்கியளா, இப்படித் தொட்டுத் தொட்டு எடுக்கீய?"

மேற்கே மலை மேல் மேகம் இறங்கி நின்றது. ஒரு வாரமாக விட்டு விட்டு மழை. அன்றைக்கு மட்டும் பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடித்தது. கிழக்கு வெயில் நேராகக் கதவில் விழுந்தது. "நம்ம நேரம் நல்லாருக்கு. மரம் காஞ்சாத்தான் பாலீஷ் பிடிக்கும்" என்றார் ஜபருல்லா.

பதினொரு மணிக்கு அழகுத்தாய் டீ போட்டு வந்தாள். ஒரு தம்ளர். ஜபருல்லா கையில் கொடுத்தாள். அவர் பாதியை டப்பா மூடியில் ஊற்றி எட்வின் பக்கம் நகர்த்தினார்.

"பாய், மூடியில குடிச்சாத் தப்பிச்சான். தம்ளர்ல குடிச்சிருந்தாம்னா அதை நீங்களே வீட்டுக்குக் கொண்டு போயிருங்க."

"எனக்கு ஒரு தம்ளர் லாபமாச்சே மதினி, நீங்க அப்பமே சொல்லிருக்கலாம்ல."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் வாசலை விட்டு உள்ளே போனாள்.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் சோழபுரத்திலிருந்து அவள் தம்பி பாண்டி பைக்கில் வந்தான். பைக்கை ஸ்டாண்ட் போடாமல் சுவரில் சாய்த்தான். நேராக எட்வினிடம் வந்து முகத்தில் ஓங்கி ஒரு குத்து விட்டான். எட்வின் கதவில் மோதி உட்கார்ந்தான். உதடு கிழிந்து ரத்தம் பசை டப்பாவுக்குள் சொட்டியது.

"எந்திலே. எந்தி. மச்சான் கையப் பாத்துட்டு வாரேன். அங்க பஞ்சுப் பொட்டணமால்ல இருக்கு கை." அவன் முதுகுச் சட்டைக்குள்ளிருந்து அரிவாளை உருவினான். "ரெண்டுக்கு ரெண்டு எடுத்துட்டுப் போறேன். கணக்குத் தீந்துரும். போலீசும் வேண்டாம், கதவும் வேண்டாம்."

எட்வினின் வலது கையைப் பிடித்து இழுத்து, கீழே கிடந்த பழைய பலகையில் வைத்து மணிக்கட்டை மிதித்தான். எட்வின் கையை இழுத்துக்கொள்ளவில்லை. விரல்கள் தானாக விரிந்து கிடந்தன. பாண்டிக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"கத்துலே! கத்த மாட்டியா? பொண்டாட்டி செத்தா என்ன, ஒனக்கு மட்டுந்தான் செத்தாளா? ஒலகத்துல ஒருத்தன் பொண்டாட்டியும் சாகலியா?"

"தம்பி," என்றார் ஜபருல்லா. அவர் குரல் உயரவில்லை. கையில் கொட்டாப்புளிச் சுத்தியல் இருந்தது. "வெட்டுததுன்னா கீழ தரையில வச்சு வெட்டு. இந்தப் பலகையில வெட்டாத. இதத்தான் கதவுக்குப் போடப் போறேன். காலையில இருந்து ரத்தத்தக் கழுவித் தாவு தீந்துபோச்சு."

பாண்டி அவரைப் பார்த்தான். அவர் விளையாடுகிறாரா என்று அவனுக்குப் புரியவில்லை.

உள்ளே இருந்து அழகுத்தாய் கரண்டியோடு ஓடி வந்தாள். "ஏலே பாண்டி! கூறுகெட்டவனே! அஞ்சு மணிக்கு ஏட்டு வாராரு. இவனை வெட்டிப் போட்டா ஏட்டுகிட்ட நான் என்னத்தைக் காட்ட? கதவு முடியட்டும்லே."

"முடிஞ்ச பொறவு?"

"முடிஞ்ச பொறவு அவிய வந்து சொல்லட்டும். அவிய வெரலு. ஒன் வெரலு இல்ல."

பாண்டி அரிவாளைத் திருப்பினான். மொண்ணைப் பக்கத்தால் எட்வினின் விரல் கணுக்களில் ஒரே ஒரு போடு போட்டான். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. எட்வின் அப்போதுதான் மூச்சை இழுத்தான். "இது வட்டி" என்று சொல்லிவிட்டுப் பாண்டி பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

கொஞ்ச நேரத்தில் விரல்கள் கத்திரிக்காய் மாதிரி வீங்கிவிட்டன. எட்வின் பசை டப்பாவில் விழுந்த ரத்தத்தைக் குச்சியால் வழித்து எறிந்தான். தூளை எடுத்துக் குழைத்தான். இடது கையால் அமுக்கினான்.

"செத்த நேரம் உக்காருங்க தம்பி."

"வேண்டாம் பாய். மணி பன்னெண்டாச்சு."

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பலகையை ஜபருல்லா அளந்து அறுத்து, விளிம்பைச் செதுக்கி, வெளிப்பக்கமிருந்து சட்டத்தின் காடிப் பள்ளத்துக்குள் நுழைத்தார். அது அரை விரல்கடை வெளியே நின்றது. இரண்டு மணி இருக்கும். கொட்டாப்புளியை எடுத்துப் பலகையில் ஒரு தட்டுத் தட்டினார். இறங்கவில்லை. பலமாக இன்னொரு தட்டு.

கதவு உள்ளே போயிற்று.

பலகை இல்லை, கதவு. நிலையில் ஒரு உரசல் உரசி, கிரீச்சென்று நடைக்குள் திறந்து, சுவரில் மோதி நின்றது. அழகுத்தாய் நாற்காலியை விட்டு எழுந்தாள். தாழ்ப்பாளில் பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கம்பி இறங்கியபடியே இருந்தது. தரை ஓட்டில் அது இழுத்துக்கொண்டு போன கோடு, புதுக் கோடு, வெள்ளையாக அரைவட்டமாகத் தெரிந்தது.

ஜபருல்லா மண்டியிட்டுத் தாழ்ப்பாள் விழ வேண்டிய இடத்தைக் கையால் தடவினார்.

"இதுல குழியே இல்லையே. டைல்ஸ் எப்பம் போட்டீய?"

"ரெண்டு வருசம் இருக்கும்," என்றான் எட்வின். மகள் தவழ ஆரம்பித்தபோது ஷெரின் கேட்டாள் என்று அவன்தான் நடைக்கு ஓடு பதித்தான். அப்போது பத்திரப்படி கொத்தனாரை விட்டு அண்ணன் வீட்டில் கேட்டான்; அழகுத்தாய் வந்து தாழ்ப்பாளை மேலே தூக்கி விட்டாள். கொத்தனார் குழியையும் சேர்த்து மூடிவிட்டான். சிமெண்டு காய்ந்ததும் அவள் வந்து கம்பியை இறக்கிப் பூட்டினாள். கம்பி ஓட்டின் மேல் உட்கார்ந்தது.

"ரெண்டு வருசமா இது பூட்டாத கதவு," என்றார் ஜபருல்லா. "நிலையில இறுகி நின்னுருக்கு, அம்புட்டுத்தான். காஞ்ச நாள்ல ஒரு கை வச்சுத் தள்ளியிருந்தா, தொறந்திருக்கும்."

"ஞாயித்துக்கிழம வெட்டும்போது தொறக்கலியே," என்றாள் அழகுத்தாய்.

"மழையில ஊறி இறுகியிருக்கும். பொறவு ஒங்க வீட்டுக்காரர் உள்ள தோள் குடுத்தார்லா மதினி. அவருதான் தாழ்ப்பாளு."

எட்வின் வாசற்படியில் உட்கார்ந்தான். ஆவணி மாதம் மழை இல்லை. நல்ல வெயில். பெட்டியைத் தூக்கியவர்கள் நின்றார்கள். மத்தக் கதவையும் திறங்கப்பா என்று யாரோ சொன்னார்கள். அவன் அந்தக் கதவின் பூட்டைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். கதவில் கை வைக்கவில்லை. வேறு யாரையும் வைக்க விடவும் இல்லை. "சரிச்சு எடுங்க" என்றது அவன்தான்.

அழகுத்தாய் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரலில் சூடு இல்லை. "அன்னைக்கு அவிய சாவியப் பையில போட்டுக்கிட்டுத்தான் தெருவுல நின்னாவ. நான்தான் குடுத்து விட்டேன். 'அவன் ஒரு வார்த்த கேக்கட்டும் தாயி, ஓடிப்போய்த் தொறந்துருதேன்'னாவ. நீ கேக்கல."

"அவரும் வரல."

"வரல. அதுக்குத்தான் வெரலக் குடுத்தாச்சே."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். உதட்டுக் காயம் மறுபடி திறந்து ரத்தம் தாடையில் இறங்கியது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜபருல்லா பக்கம் திரும்பினாள்.

"பாய். மிஷினு கொண்டு வந்திருக்கீயளா, ஓட்டை போடுதது?"

"இருக்கு மதினி."

"அந்த எடத்துல குழி போடுங்க. நல்ல ஆழமா. கம்பி முழுசா இறங்கணும்."

ஜபருல்லா தயங்கினார். எட்வினைப் பார்த்தார். "ஓடு விண்டு போகுமே."

"விண்டா விண்டுட்டுப் போகுது. அவனையே போடச் சொல்லுங்க. அவன்தானே மூடுனது."

எட்வின் டிரில்லை வாங்கிக்கொண்டான். வீங்கின கையால் பிடிக்க முடியவில்லை. முழங்காலால் முட்டுக் கொடுத்து, இடது கையால் அமுக்கினான். ஓடு சிதறி முகத்தில் தெறித்தது. சிமெண்டுப் புகை நடை முழுக்க நிரம்பியது. குழியில் விரலை விட்டுப் பார்த்தான். இரண்டு கணு ஆழம் இருந்தது. இன்னும் கொஞ்சம் தோண்டினான்.

மூன்றரைக்குக் கதவு உருவத்துக்கு வந்துவிட்டது. கறை போன இடம் வெளுத்து எலும்பு மாதிரித் தெரிந்தது. ஜபருல்லா டீத்தூளைக் கொதிக்க வைத்த கறுப்புச் சாயத்தை அங்கே இரண்டு தடவை தேய்த்தார். அதன் மேல் ஸ்பிரிட் பாலீஷ். பழைய மரமும் புது மரமும் ஒரே நிறத்துக்கு வந்து சேர்ந்தன. பக்கத்தில் போய் முகர்ந்தால்தான் தெரியும்.

"வாசம்தான் காட்டிக் குடுக்கும்," என்றார்.

"அத நான் பாத்துக்கிடுதேன்," என்று சொல்லி அழகுத்தாய் உள்ளே போய்ச் சட்டியில் நெத்திலிக் கருவாட்டை அள்ளிப் போட்டாள். ஐந்து நிமிடத்தில் தெரு மூக்கைப் பிடித்தது.

ஐந்து மணிக்கு ஏட்டு தனுஷ்கோடியும் ஞானதுரையும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஞானதுரை வலது கையை நெஞ்சோடு அணைத்து வந்தார். மூன்று நாளில் கழுத்து மெலிந்து சட்டைக் காலர் தளர்ந்துவிட்டது. தம்பியின் கிழிந்த உதட்டைப் பார்த்தார். வீங்கின கையைப் பார்த்தார்.

"என்ன கருவாட்டு வாசம் தூக்குது," என்றார் ஏட்டு. அழகுத்தாய் தலையை நீட்டி, "அவியளுக்குப் பிடிக்கும் சார்" என்றாள்.

ஏட்டு கதவைச் சுற்றி வந்தார். விரலால் தடவினார். குனிந்து தாழ்ப்பாளைப் பார்த்தார். கம்பி மேலே தூக்கி, பூட்டு திறந்து கிடந்தது. அண்ணன் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே அழகுத்தாய் சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்துவிட்டிருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் பாகம் பிரிச்ச கதவுன்னு சொன்னாங்களே. இந்தப் பக்கம் எப்பமும் பூட்டித்தான் கெடக்குமாம். தெருவுல விசாரிச்சேன். பூட்டின கதவு இடுக்குல எப்படிய்யா கை மாட்டும்?"

ஞானதுரை நிதானமாகச் சொன்னார்.

"பூட்டல சார். பேருக்குத்தான் பூட்டு. கதவு தொறந்துதான் கெடந்துச்சு. தள்ளுனா வந்துரும். காத்துல அடிச்சது, நான் கையக் குடுத்துட்டேன்."

வாய்க்கு வந்த பொய்யை அவர் சொன்னார். ஜபருல்லா பையைக் கட்டுகிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார். அழகுத்தாய் வாசலில் அப்படியே நின்றாள்.

ஏட்டு நான்கு பேர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "கதவு கடிச்சா நசுங்கும். துண்டா எடுக்காது," என்றார். "ஒங்க வெரலு, ஒங்க வாய்." கையெழுத்துப் போடக் காகிதத்தை நீட்டினார். ஞானதுரை பேனாவை இடது கையில் வாங்கினார். பிடிக்க வரவில்லை. கடைசியில் இடது பெருவிரலில் மை தடவி வைத்தார். இருபத்தி இரண்டு வருடம் மில் ரிஜிஸ்தரில் ஜோராகக் கையெழுத்துப் போட்டவர்.

ஏட்டு தெரு முனை திரும்புகிற வரைக்கும் எல்லாரும் நின்றார்கள்.

"அண்ணே," என்றான் எட்வின். வழக்குக்குப் பிறகு அந்தச் சொல்லை அவன் முதல் தடவை சொன்னான். "நெசமாவே பூட்டலண்ணே. டைல்ஸ் போடயில குழிய மூடிட்டானுவ. அன்னைக்கும் பூட்டல. அவளக் கொண்டு போன அன்னைக்கும்."

ஞானதுரைக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜபருல்லாவைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். மனைவியைப் பார்த்தார். அவள் தரையில் கிடந்த அரைவட்டக் கோட்டைக் காலால் காட்டினாள்.

"தள்ளிப் பாத்தியாலே?" என்றார்.

எட்வின் வடக்குக் கதவைப் பார்த்தான்.

"ஒரு தள்ளு. ஒரே ஒரு தள்ளு தள்ளிப் பாத்தியா?"

"இல்லண்ணே."

இடது கையால் அறைந்தார். பழக்கமில்லாத கை. காதில் பட்டது. மறுபடி அறைந்தார். "அந்தப் பிள்ளய ஒருக்களிச்சுக் கொண்டு போனியே. புரண்ட சத்தம் எனக்குத் தெருவுல கேட்டுச்சுலே." காலால் உதைத்தார். எட்வின் படியில் விழுந்தான். எழுந்து மறுபடி அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வந்து நின்றான். "பத்திரமாலே எழுதுத, பத்திரம்?" வயிற்றில் முட்டினார். அடிக்கிற வேகத்தில் கட்டுப் போட்ட கை கதவில் இடித்துவிட்டது. வாய் விட்டு அலறினார். கட்டில் சிவப்பு பொட்டாக ஊறி, விரிந்தது. எட்வின் கண் அதையே பார்த்தது. ஒன்று, இரண்டு என்று நொடிகளை உள்ளே எண்ணிக்கொண்டிருந்தான்.

ஜபருல்லா நடுவில் புகுந்து ஞானதுரையைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். "போதும் அண்ணாச்சி. தையல் பிரிஞ்சிரும்."

ஞானதுரைக்கு மூச்சு இரைத்தது. அழுகிறாரா என்று தெரியவில்லை. ஜபருல்லாவின் கையை விலக்கினார். வடக்குக் கதவு வழியாக நடைக்குள் ஏறினார். பல வருடத்துக்குப் பிறகு அந்த வழியாக ஏறினார். அழகுத்தாய் கதவைச் சாத்தப் போனாள்.

"நீ விடு," என்றார். "நான் போடுதேன்."

கதவு மூடியது. உள்ளே அவர் குனிவதும், கம்பியை இடது கையால் பிடிக்கத் தடுமாறுவதும் கேட்டது. ஒரு தடவை நழுவியது. இன்னொரு தடவை. பிறகு கம்பி குழிக்குள் இறங்கிய சத்தம் கேட்டது. பூட்டு கிளிக்கென்றது.

ஜபருல்லா சைக்கிளில் பையை மாட்டினார். "பாலீஷு காயல தம்பி. கை வைக்காதீய, ரேகை விழுந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெற்குக் கதவு திறந்தேதான் கிடந்தது. எட்வின் அதற்குள் போகவில்லை. தெருவில் நின்று, வீங்கின வலது கையை விரித்து வடக்குக் கதவில் வைத்துத் தள்ளினான். நன்றாகத் தள்ளினான். தோளையும் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான்.

அசையவில்லை.